கடலோடி மாத்யூ பிளிண்டர்ஸ்

ஆஸ்திரேலியாவைக் கப்பலிற் சுற்றிவந்து அதன் கரைகளைப் படமாக வரைந்தவரென்று மாத்யூ பிளிண்டர்ஸைப் பூகோளம் பயில்வோர் அறிவர். காந்தவூசியை நம்பிச் செல்வோர்க்கு அவர் செய்த உபகாரமோ அவ்வளவாக அறியப்படவில்லை.

இவர் இங்கிலாந்திலே டானிங்டன் என்னும் ஊரில் 1774-ஆம் வருஷத்தில் பிறந்தார். தந்தையார் வைத்தியர். மைந்தரோ ராபின்ஸன் குரூஸோவின் கதையை வாசித்துக் கடல்மேல் மோகங்கொண்டு கடற்படையிற் சேர்ந்தார். 1801-இல் இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பலுக்குத் தலைவராகித் தென்கடலுக்குப் புறப்பட்டார். மணமுடித்து மூன்று மாதமே ஆகியிருந்தது. மனைவியை மறுபடி கண்டது 1810-இல்!

கரையை அளந்து செல்லுகையில், கப்பலின் முகம் திரும்புந்தோறும் ஊசி காட்டும் திசையும் மாறுபடுவதைக் கண்டார். ஊசி பழுதென்று தள்ளிவிடுதல் எளிது; அவர் அங்ஙனஞ் செய்யாது, வேறுபாடுகளை ஒழுங்காகக் குறித்துவைத்தார். முகம் வடக்கு அல்லது தெற்கு நோக்கின் பிழை ஏறக்குறைய இல்லை. கிழக்கு அல்லது மேற்கு நோக்கின் மிகுதி. பூமியின் தென்பாதியிலோ அப்பிழை எதிர்ப்புறமாகச் சாய்ந்தது. பீரங்கி முதலிய கப்பலின் இரும்பே ஊசியை இழுக்கின்றதெனத் தெளிந்தார். ஒழுங்குள்ள பிழையாதலின் அதை அளந்து கழித்துவிடலாமன்றோ?

1803-இல் தாய்நாடு திரும்புகையில், ஒழுகிய சிறு மரக்கலத்தோடு பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீஷியஸ் தீவை அடைந்தார். இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டிருந்தது. அனுமதிச்சீட்டு வேறொரு கப்பலின் பேரால் இருந்தமையால், ஆளுநர் டெக்கான் ஐயுற்று அவரை ஆறு வருஷத்துக்கு மேல் மறியலில் வைத்தார். அங்கிருந்தே ஊசியைப் பற்றிய கட்டுரையை எழுதியனுப்பினார். 1805-இல் லண்டன் ராயல் சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1812-இல், கடற்படைக் கப்பல்களின் முகத்தைப் பல திசைகளிலும் நிறுத்திச் சோதனைகள் நடந்தன. ஊசியருகே இரும்புக் கோலொன்றைச் செங்குத்தாக நிறுத்திப் பிழையை ஈடுசெய்யலாமென்பதும் அவர் யோசனையே. பிற்காலத்து இரும்புக் கப்பல்களில் அக்கோல் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இக்காலத்து ஆளில்லா விமானத்துக்கும் இத்தொல்லை உண்டு. அதன் மோட்டார்களிலுள்ள காந்தமும் கம்பிகளில் ஓடும் மின்சாரமும் திசையறி கருவியை மயக்கும். ஆகவே பறக்கவிடுமுன் அதைக் கையிலேந்திப் பல பக்கமும் திருப்புவர். உள்ளிருக்கும் கணிப்பொறி, விமானத்தோடு கூடவே திரும்பும் காந்தத்தையும் அசையாது நிற்கும் பூமியின் காந்தத்தையும் பிரித்தறிந்து, முன்னதைக் கழித்துக்கொள்ளும். இரும்புக் கோலின் வேலையைக் கணக்கே செய்கிறது.

பிளிண்டர்ஸ் 1814 ஜூலை 19-இல், தம் பிரயாண நூல் வெளிவந்த மறுநாள், நாற்பதாம் வயதில் மரித்தார். லண்டனில் அவருடைய கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. 2019-இல் யூஸ்டன் ரயில் நிலையத்தருகே நிலத்தைத் தோண்டியவர்கள், ஈயத்தகட்டிற் பொறித்த பெயரால் அவரை அடையாளங்கண்டனர். 2024 ஜூலையில் டானிங்டனிலேயே அவரை நல்லடக்கஞ் செய்தனர்.