பட்டம் பெறாத பறவை அறிஞர்

பறவைகளை ஆராய வேண்டுமானால் அடர்ந்த காட்டுக்குப் போக வேண்டும், விலையுயர்ந்த பைனாகுலர் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சாலிம் அலி அவர்களின் முதல் ஆராய்ச்சி ஒரு குதிரை லாயத்தில், சிட்டுக்குருவிக் கூட்டின் முன்னே நடந்தது. அப்போது அவருக்கு வயது பத்து.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி எடுத்து வளர்த்தார். மாமா வேட்டையில் நாட்டம் உள்ளவர். மருமகன் கைக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளின் உண்டிவில் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாயத்தில் ஒரு பொந்து. உள்ளே பெண் குருவி அடைகாத்திருந்தது; வெளியே ஓர் ஆணியின் மேல் ஆண் குருவி அமர்ந்திருந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டியின் பின்னே பதுங்கிய சிறுவன் அந்த ஆண் குருவியைச் சுட்டு வீழ்த்தினான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதுவும் வீழ்ந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள்! இரக்கமற்ற செயல்தான், அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் குருவி அடித்த பிள்ளைகள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். துணையை இழந்த பெண் குருவி எவ்வளவு விரைவில் மறு துணையைத் தேடிக்கொள்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவன் இவன் ஒருவன்தான்.

1908இல் அவன் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவரிடம் அனுப்பி வைத்தார். அந்த ஆங்கிலேயர், அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று விளக்கியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். சிறுவனின் பாதை அன்று திரும்பியது.

கல்லூரிப் படிப்போ அவருக்கு எளிதாக அமையவில்லை. புனித சவேரியார் கல்லூரியில் சேர்ந்தவரை லாகரிதம் வாட்டி எடுத்தது. (நம் வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.) படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். அங்கும் கண் பறவைகள் மேலேயே இருந்தது. 1917இல் திரும்பிய பின் வணிகப் படிப்போடு விலங்கியலும் பயின்றார். ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

பட்டம் இல்லாத குறை விரைவிலேயே சுட்டது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலர் பதவி ஒன்று இருந்தும், அக்காரணத்தால் அவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தை எளிதில் கடந்து போக முடியாது. பட்டம் ஒன்றுதான் சோறு போடும் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பி வைத்திருக்கிறார்கள். அது பொய்யும் அல்ல. சாலிம் அலிக்கே அது கதவை அடைத்ததே!

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பின்னர் விடுப்பில் ஜெர்மனி சென்று, பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்தால், நிதியில்லை என்று அந்த வேலையே ஒழிக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. கையில் வேலை இல்லை. மனைவியோடு கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருந்த வீட்டிற்குக் குடிபோனார்.

அந்த மழைக்காலத்தில் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேறு வேலை ஏதும் இல்லாத மனிதர் நாள்தோறும் அவற்றின் முன் அமர்ந்தார். நமக்குத் தூக்கணாங்குருவி புதிதா? இராசிபுரம், திருச்செங்கோடு பக்கமெல்லாம் கிணற்றுமேட்டுப் பனையில் கூடுகள் தொங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பாதியில் நிற்கும் கூடுகளைக் காற்றில் பிய்ந்தவை என்றே எங்கள் ஊரில் சொல்வார்கள். சாலிம் அலி கண்டது வேறு. ஆண் குருவி நெல், கரும்பு, பனை ஓலைகளிலிருந்து நார் கிழித்து வந்து கூட்டைப் பாதி வரை, கவிழ்த்த தொப்பி போலப் பின்னி நிறுத்துகிறது. அப்போது பெண் குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடும் நீண்ட குழல் வாயிலும் முடிக்கப்படும். பிடிக்காத கூடு பெரும்பாலும் அப்படியே தொங்கும். பெண் உள்ளே முட்டையிட்டு அமர்ந்ததும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை அழைக்கிறது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் பாடு. காலங்காலமாக எல்லோர் கண்முன்னும் நடந்ததை 1931இல் அவர் எழுதிய கட்டுரைதான் உலகுக்குத் தெளிவாக விளக்கியது. வேலை இருந்திருந்தால் அவர் கிஹிமுக்கே போயிருக்க மாட்டார்!

அதன்பின் செலவுத் தொகை மட்டும் பெற்றுக்கொண்டு, ஊதியமின்றி, ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானங்கள்தோறும் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1939இல் தெஹ்மினா அம்மையார் மறைந்தது தாங்கொணா அடி. 1941இல் அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. பறவையின் அளவை அங்குலத்தில் மட்டும் சொல்லி விடாமல், சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் என்று எவரும் அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுக் காட்டியது அந்நூல். தையல்சிட்டு சிட்டுக்குருவியினும் சிறியது. குண்டுகரிச்சான் கொண்டைக்குருவி அளவு. கொல்லைப்புறத்தில் நிற்பவனுக்கு இதைவிட எளிய அளவுகோல் ஏது?

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. பட்டமில்லாதவருக்கு 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம். 1987இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், 1972இல் அவர் பெயர் சூட்டப்பெற்றது ஒரு வௌவாலுக்கு. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட அந்தப் பழந்தின்னி வௌவால், வேறோர் இனத்தின் பெயர்ச்சீட்டோடு அருங்காட்சியகத்தில் பல்லாண்டு கிடந்தது. 2016இல் இமயமலைக் காட்டுப் பூங்குருவி ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். தோற்றத்தில் அது பக்கத்து இனத்தைப் போலவே இருக்கும். மரங்களற்ற மலையுச்சியில் வாழும் அந்த இனத்தின் குரல் கரகரப்பானது. கீழே காட்டுக்குள் வாழும் பறவையோ இனிமையாகப் பாடியது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள்தான் இது தனி இனம் என்று முதலில் ஐயுற்றார்கள்.