அம்மோனியாவைத் தின்று வாழும் உயிரைக் கண்டவர்

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். மீன் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் உண்டாகும் அம்மோனியாவே பெரும்பாலும் காரணம். அதை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது. அந்த பாக்டீரியாவை வளர்த்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. நீங்கள் வயலில் இடும் யூரியா பயிருக்குச் சேரும் வழியும் அவர் காட்டியதுதான்.

வினோகிராட்ஸ்கி 1856ல் கீவ் நகரில் பிறந்தார். பியானோ கற்றவர், பின்னர் தாவரவியலுக்கு மாறினார். மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது நுண்ணுயிர் என்று அப்போதே தெரியும். ஆனால், அதைத் தனியே வளர்க்க முடியவில்லை. சத்தான ஊட்டம் கொடுத்தால் வேறு நுண்ணுயிர்களே பெருகின.

1888ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகருக்குச் சென்ற அவர், இதை நேர்மாறாகச் செய்தார். அம்மோனியா உப்பும் தாது உப்புகளும் மட்டும் கலந்த நீரில் சிறிது மண்ணைப் போட்டார். மற்றவை பட்டினியில் ஒடுங்கின; தேடியது வளர்ந்தது. வெயில் இல்லாமலே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு அது உடல் வளர்த்தது.

வேலை இரண்டு கட்டமாக நடப்பதையும் கண்டார். நைட்ரோசோமோனாஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோபேக்டர் அதை நைட்ரேட்டாக்கும். இரண்டுக்கும் பெயர் வைத்தவரும் அவரே. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு, பயிருக்கோ அது உணவு.

பின்னர் ஆய்வை விட்டு, உக்ரைனில் சொந்த நிலத்தைக் கவனித்தார். ரஷ்யப் புரட்சியில் நிலம் போனது. நாட்டையும் விட்டு வெளியேறினார். 1922ல், அறுபதைக் கடந்த வயதில், பாரிசின் பாஸ்டர் நிறுவனம் அழைத்தது. பாரிசுக்கு அருகே பிரி-கோன்ட்-ராபேரில் மண் நுண்ணுயிர் ஆய்வை மீண்டும் தொடங்கினார். 1953ல் அங்கேயே 96 வயதில் காலமானார்.

அவர் கண்டதை இன்றே பயன்படுத்தலாம். புதுத் தொட்டியில் முதலில் சில மீன்களை மட்டும் விடுங்கள். பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலசுங்கள். இந்த உயிர்களுக்குக் காற்று வேண்டும். நெல் வயலின் ஆழச் சேற்றில் காற்று இல்லை. அங்கே வைத்த யூரியா அம்மோனியமாகவே தங்கி, வீணாவது குறையும்.