கில்பர்ட் ஸ்லேட்டர்

கில்பர்ட் ஸ்லேட்டர் (ஆகஸ்ட் 27, 1864 – மார்ச் 8, 1938) பிரித்தானியப் பொருளியலாளரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறையின் முதற் பேராசிரியராக 1915 முதல் 1921 வரை பணியாற்றினார். இவருடைய வழிகாட்டலில் மாணவர்கள் நடத்திய கிராம ஆய்வுகள் 1918 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. இந்தியாவில் குடும்பங்களின் தொழில், கூலி, கடன், நிலவுடைமை ஆகியவற்றை ஊருக்கே சென்று கேட்டறிந்து தொகுத்த முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்றாகும். இவ்வாய்வுக்கு உட்பட்ட ஊர்கள் இன்றும் ஆய்வாளர்களால் "ஸ்லேட்டர் கிராமங்கள்" என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான வடமலைபுரம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

இளமையும் இங்கிலாந்தில் ஆற்றிய பணிகளும்

ஸ்லேட்டர் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தார். தந்தை டேனியல் ஸ்லேட்டர் ஒரு பள்ளி ஆசிரியர். ஸ்லேட்டர் வளர்ந்த காலத்தில், தொழிற்புரட்சியால் செல்வம் பெருகிய அந்நாட்டில் வறுமை எவ்வளவு உள்ளது என்ற கேள்வி சூடான விவாதமாக இருந்தது. வறியவர்கள் சோம்பலால் வறியவர்களானார்கள் என்று ஒரு சாரார் கூறினர். கூலி போதாமையே காரணம் என்று மறு சாரார் கூறினர். இதைக் கணக்கெடுப்பின் வழியே தீர்க்க முனைந்தவர்களுள் இலண்டனை ஆய்வு செய்த சார்லசு பூத்தும், யார்க் நகரை ஆய்வு செய்து 1901 இல் நூல் வெளியிட்ட சீபோம் ரௌண்ட்ரீயும் முதன்மையானவர்கள். ரௌண்ட்ரீயின் ஆய்வில் யார்க் நகரத் தொழிலாளர் குடும்பங்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்டன.

ஸ்லேட்டரின் முதற் கவனம் நாட்டுப்புறத்தின் மீதே இருந்தது. ஊர்ப் பொது நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையான வரலாற்றை அவர் ஆராய்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த இவ்வாய்வு விரிவாக்கப்பட்டு 1907 இல் நூலாக வெளிவந்தது. வேலியிடலுக்காகப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து, சிறு உழவர்கள் எங்கே, எவ்வளவு நிலத்தை இழந்தனர் என்பதை அந்நூல் காட்டியது. நிலமிழந்த உழவன் கூலியாளாக மாறுவது எப்படி என்ற கேள்வி பின்னர் தமிழ்நாட்டிலும் அவரைத் தொடர்ந்தது.

இலண்டனின் கிழக்கே உள்ள தொழிலாளர் பகுதியான வுல்விச்சில் அவர் பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1905–06 ஆம் ஆண்டில் அதன் நகரத் தலைவராகப் பதவி வகித்தார். தொழிலாளர்கள் உயர்கல்வி பெறுவதற்காக 1899 இல் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக 1909 முதல் 1915 வரை பணியாற்றினார். மாணவர் வேலைநிறுத்தத்தால் கல்லூரி பிளவுபட்டிருந்த வேளையில் அவர் அப்பொறுப்பை ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை வருகை

1915 இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கி ஸ்லேட்டரை அமர்த்தியது. அப்போது இந்திய மாணவர்கள் படித்த பொருளியல் பாடநூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆலைகள், வங்கிகள், சந்தைகள் பற்றியவை. தம் ஊரில் ஒரு கூலியாளுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதை அறிய எந்த நூலும் இல்லை.

அரசிடம் புள்ளிவிவரங்கள் இல்லாமல் இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வோர் ஊரிலும் கர்ணம் எழுதிய கணக்குகளில் பயிர், பரப்பு, தீர்வை ஆகியவை இருந்தன. ஆனால் அக்கணக்குகள் வரி தண்டுவதற்காக எழுதப்பட்டவை. பட்டா யார் பெயரில் உள்ளது என்பதை அவை சொல்லும்; அந்நிலத்தில் உழைப்பவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லமாட்டா. பட்டாவும் வரியும் இல்லாத கூலியாள் அக்கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறவே இல்லை.

கிராம ஆய்வுகள்

ஸ்லேட்டர் விரிவான வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தம் மாணவர்களிடம் கொடுத்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் தாம் நன்கறிந்த கிராமத்தில் அதற்கான விடைகளைத் திரட்டிவர வேண்டும். மக்கள்தொகை, வீடுகள், நிலவுடைமை, குத்தகையும் வாரமும், பயிர்கள், கால்நடைகள், கைத்தொழில்கள், கூலி, கடனும் வட்டியும், கல்வி, வெளியூருக்கு வேலை தேடிச் செல்வோர் எனப் பல பொருள்கள் கேட்கப்பட்டன. 1916–17 அளவில் நடந்த இவ்வாய்வுகளின் அறிக்கைகளை ஸ்லேட்டர் பதிப்பித்தார். அவை "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்னும் பொருள்படும் தலைப்பில் 1918 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

நூலில் இடம்பெற்ற தமிழ்க் கிராமங்கள் ஐந்து:

வடமலைபுரம் – அன்றைய இராமநாதபுரம் மாவட்டம், இன்று விருதுநகர் மாவட்டம்
கங்கைகொண்டான் – திருநெல்வேலி மாவட்டம்
பாலக்குறிச்சி – அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்று நாகப்பட்டினம் மாவட்டம்
இருவேல்பட்டு – அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், இன்று விழுப்புரம் மாவட்டம்
தூசி – அன்றைய வடவார்க்காடு மாவட்டம், இன்று திருவண்ணாமலை மாவட்டம்

இவற்றுடன் தெலுங்கு, மலையாளம் பேசும் பகுதிகளைச் சேர்ந்த சில ஊர்களும் ஆராயப்பட்டன.

வடமலைபுரம்

1910 இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அப்போது திருநெல்வேலியிலிருந்து அதற்கு மாறின. ஒரே வட்டாரமாயினும் இங்கு இருவகை வேளாண்மை உண்டு. மேற்கே மலையடிவாரத்தில் உள்ள இராசபாளையம், சேத்தூர், தேவதானம் பகுதிகளில் மலை ஓடைகளும் கண்மாய்களும் நெல் வயல்களுக்கு நீர் தருகின்றன. கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பகுதி மழையை நம்பிய கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் அதன் பயிர்கள். வடமலைபுரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த புன்செய்க் கிராமமாகும். ஆற்றுப் பாசனம் பெற்ற பாலக்குறிச்சி போன்ற ஊர்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க இயன்றது இவ்வாய்வின் பயன்களுள் ஒன்று.

ஆய்வின் முடிவுகள்

ஊருக்கு ஊர் வேலை உறவுகள் வேறுபடுவதை அறிக்கைகள் காட்டின. இருவேல்பட்டில் படியாள்கள் எனப்பட்ட பண்ணை வேலையாட்கள் கடனால் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டிருந்தனர். திருமணம் முதலிய செலவுகளுக்கு வாங்கிய சிறு தொகை கூட அடைபடாமல் தந்தையிடமிருந்து மகனுக்குத் தொடர்ந்தது. இத்தகைய ஒருவர் வேலையற்றவர் அல்லர். கூலி நாள்தோறும் கிடைக்கிறது. ஆனால் வேறிடம் செல்லும் உரிமை இல்லை. வேலை உள்ளதா என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் இந்நிலை தெரியாமலே போய்விடும். கடனையும் சேர்த்துக் கேட்டதாலேயே இது பதிவாயிற்று.

கூலியைக் கணக்கிடுவதும் எளிதாக இருக்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் கூலி தானியமாகவே வழங்கப்பட்டது. மரக்கால், படி ஆகிய அளவைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. அறுவடைக் காலத்துக் கூலி வேறு, களையெடுப்புக் காலத்துக் கூலி வேறு. ஆண், பெண், சிறுவர் கூலிகளும் வேறு. இவற்றையெல்லாம் ஒரே ஆண்டு வருமானமாக மாற்றினால்தான் இரு ஊர்களை ஒப்பிட முடியும். அந்தக் கணக்கின் கடினத்தை மாணவர்கள் நேரில் கற்றனர் எனலாம்.

முறையின் குறைபாடுகள்

இவ்வாய்வுகளுக்குச் சில எல்லைகள் உண்டு. கிராமங்கள் குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்கப்படவில்லை. மாணவர்களின் அறிமுகத்தைப் பொறுத்தே அமைந்தன. எனவே ஐந்து ஊர்களின் விவரத்தைக் கொண்டு மாகாணம் முழுவதற்கும் மதிப்பீடு செய்ய இயலாது. அக்காலத்தில் கல்லூரி செல்ல இயன்ற குடும்பங்கள் மிகச் சில. அத்தகைய குடும்பத்து இளைஞர் சேரிக்குச் சென்று கேட்டபோது கூலியாள் எவ்வளவு மனம்திறந்து பேசியிருப்பார் என்பது கேள்விக்குரியது. எல்லா அறிக்கைகளும் ஒரே தரத்தில் அமையவும் இல்லை.

எனினும் வினாப்பட்டியல் பொதுவாக இருந்ததும், விடைகள் ஊர்ப் பெயருடன் அச்சிடப்பட்டதும் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்று ஒப்பிட வழிசெய்தன.

மறு ஆய்வுகள்

1936–37 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் இக்கிராமங்களை மீண்டும் ஆராயச் செய்தனர். அதன் முடிவுகள் 1940 இல் வெளிவந்தன. உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து கடன்சுமை ஏறியிருந்த காலம் அது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல் 1960களில் தமிழ்க் கிராமங்களை ஆராய்ந்து 1967 இல் நூல் வெளியிட்டார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்து எஸ். குகன், வெங்கடேஷ் ஆத்ரேயா முதலியோர் இவ்வூர்களுக்குச் சென்றனர். இருவேல்பட்டு 2008 இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரால் மீண்டும் ஆராயப்பட்டது. கூலியாட்கள் நிலவுடைமையாளரைச் சார்ந்திருந்த பழைய நிலை பெருமளவு தளர்ந்துவிட்டதையும், வேளாண்மைக்கு வெளியே வேலை பெருகியதையும் அவ்வாய்வு காட்டியது.

ஒரு நூற்றாண்டு அளவுக்கு ஒரே ஊர்களின் உழைப்பு வரலாறு இவ்வாறு தொடர்ந்து பதிவாகியிருப்பது உலகில் அரிதாகும்.

பிற்காலக் கணக்கெடுப்புகளுடன் ஒப்பீடு

விடுதலைக்குப் பின் இப்பணியை அரசு மேற்கொண்டது. பி. சி. மகலனோபிசின் முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950 இல் தொடங்கியது. வேளாண் தொழிலாளர் பற்றிய முதல் அனைத்திந்திய ஆய்வு 1950–51 இல் நடந்தது. வேலைவாய்ப்புப் பற்றிய ஐந்தாண்டுக் கணக்கெடுப்புகள் 1972–73 இல் தொடங்கின. 2017 முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடைபெறுகிறது; 2025 முதல் மாத மதிப்பீடுகளும் தயாரிக்கப்படுகின்றன.

இம்முறையில் முதலில் ஊர்களும் நகரப் பகுதிகளும் வகை பிரிக்கப்பட்டு, குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்கப்படுகின்றன. அங்குள்ள வீடுகள் பட்டியலிடப்பட்டு, அவற்றுள் சில மீண்டும் குலுக்கலில் எடுக்கப்படுகின்றன. தெரிவான ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்பது கணக்கிடப்பட்டு, அந்த எடையால் பெருக்கப்பட்டே மாநில, நாட்டு மதிப்பீடுகள் பெறப்படுகின்றன. ஸ்லேட்டரின் முறையில் இல்லாதது இதுவே. ஆய்வாளர் தம் விருப்பப்படி வீட்டை மாற்றினால் இக்கணக்கு முழுவதும் பிழைபடும்.

வேலை என்பதற்கான வரையறையும் முக்கியமானது. கடந்த ஓராண்டில் ஒருவர் வழக்கமாகச் செய்தது என்ன என்பது ஒரு கேள்வி. கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தாரா என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் விடைகள் வேறுபடுவதால் வேலையின்மை விகிதமும் வேறுபடுகிறது. மழை பொய்த்த ஆண்டில் கரிசல் காட்டுக் கூலியாள் வாரத்தில் ஒருநாள் மட்டும் வேலை செய்திருந்தாலும், இரண்டாம் வரையறையில் அவர் வேலையில் உள்ளவரே.

வடமலைபுரம் வட்டாரம் இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு. ஸ்லேட்டரின் ஆய்வுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1920களில், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டிய பெண், கேட்பவர் விளங்கக் கேட்காவிடில் வீட்டு வேலை செய்பவராகவே பதிவாவார். வீட்டுப் பணிகளில் மட்டும் ஈடுபடுவோர் தொழிலாளர் தொகையில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அவருடைய உழைப்பு கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

பிற நூல்களும் இறுதிக் காலமும்

ஸ்லேட்டர் இங்கிலாந்து திரும்பிய பின் 1924 இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றிய நூலை வெளியிட்டார். இந்தியப் பண்பாட்டின் அடித்தளம் பெரிதும் திராவிடருடையது என்பது அதன் கருத்து. சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டிலாகும். இனம் பற்றி அந்நூலில் உள்ள கருத்துகள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. 1930 இல் வறுமையும் அரசும் பற்றியும், 1936 இல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரச் சிக்கல்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் எழுவரால் எழுதப்பட்டவை என வாதிடும் நூல் ஒன்றையும் 1931 இல் வெளியிட்டார். இவர் 1938 மார்ச் 8 அன்று தமது 73 ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடு

ஸ்லேட்டர் புள்ளியியல் வல்லுநர் அல்லர்; குலுக்கல் மாதிரி முறையை அவர் கையாளவும் இல்லை. எனினும் ஒரு நாட்டின் பொருளியலை அறிய அந்நாட்டு மக்களின் வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும் என்பதைத் தென்னிந்திய மாணவர்களுக்குச் செயலில் காட்டினார். வரிக் கணக்குகளில் இடம்பெறாத படியாளும் கூலிப் பெண்ணும் பொருளியல் நூல் ஒன்றில் இடம்பெற்றது இம்முயற்சியின் விளைவாகும்.