சிவபாதசேகரன் – பல பெயர் பூண்ட இராசராச சோழன்

சைவமும் தமிழும் தழைக்க அரசாண்ட மன்னர்களுள் முதலில் வைத்து எண்ணப்படுபவன் முதலாம் இராசராச சோழன். இப்பெயர் அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. சுந்தர சோழருக்கும் வானவன்மாதேவிக்கும் ஐப்பசிச் சதயத்தில் பிறந்த அம்மைந்தனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன் என்பதாகும்.

இளமையிலேயே துயரங்கள் அவனைச் சூழ்ந்தன. தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். தந்தையும் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்துப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப் பெயர் பெற்றார். தாயாரும் கணவனோடு உடன்கட்டை ஏறினார். அரியணை தன்னை நாடி வந்தபோதும், சிறிய தந்தை முறையான உத்தம சோழருக்கு அதனை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தான் அருள்மொழி. கி.பி. 985இல் முடி சூடிய பின்னரே அரசர்க்கரசன் எனப் பொருள்படும் இராசராசன் என்னும் பெயர் அவனுக்கு வழங்கலாயிற்று.

வெற்றிகள் பெருகப் பெருக விருதுப் பெயர்களும் பெருகின. மூவேந்தர் முடியும் தனதாக்கியதால் மும்முடிச்சோழன். சேரரை வென்றதால் கேரளாந்தகன். பாண்டியர் குலத்துக்கு இடியானதால் பாண்டிய குலாசனி. சயங்கொண்டான், நித்தவினோதன், சனநாதன் என்பனவும் அவன் பெயர்களே. நாட்டுப் பிரிவுகளுக்கும் ஊர்களுக்கும் இப்பெயர்களையே சூட்டினான். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தியை முறையாகப் பொறிக்கும் வழக்கத்தையும் அவனே ஏற்படுத்தினான்.

இப்பெயர்கள் கடல் கடந்து ஈழத்துக்கும் வந்தன. 993ஆம் ஆண்டளவில் சோழர் படை இங்கு வந்திறங்கியது. ஐந்தாம் மகிந்தன் உறுகுணைக்கு ஓடினான். அநுராதபுரம் அழிவுற்றது. சோழர் கைப்பட்ட நாடு மும்முடிச்சோழ மண்டலம் எனவும், பொலநறுவை சனநாதமங்கலம் எனவும் பெயர் மாறின. மாதோட்டத்தில் இராசராசேச்சரம் எழுந்தது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள பௌத்தப் பள்ளி ஒன்று இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அழித்த கையே அறமும் செய்தது என்பதை நடுநிலையோடு நோக்குவோர் ஏற்பர். ஆயினும் தஞ்சைக் கோயிலுக்கென ஈழத்து ஊர்கள் சில நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் செலுத்த வேண்டியிருந்ததையும் மறத்தலாகாது. அக்கோயிலில் எரிந்த விளக்குகளுக்குப் பின்னால் இந்நாட்டு உழவரின் உழைப்பும் இருந்தது.

1010இல் தஞ்சைப் பெருங்கோயிலின் விமானத்திற் கலசம் ஏறியது. அங்கே மன்னன் பூண்ட பெயர்தான் சிவபாதசேகரன். சிவபெருமானின் திருவடியையே தன் தலைக்கு முடியாகக் கொண்டவன் என்பது இதன் பொருள். பிற விருதுகள் எல்லாம் பகைவரின் தோல்வியைச் சொல்வன. இதுவோ அவனது பணிவைச் சொல்வது.

அப்பணிவு செயலிலும் விளங்கிற்று. தான் கொடுத்தவற்றோடு தமக்கை குந்தவையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். கோயிற் பணிக்கு அமர்த்திய 400 ஆடல் மகளிரின் பெயர்களும் ஊர்களும் வீட்டு இலக்கமும் அங்கே உள்ளன. தேவாரம் பாடுவதற்கு 48 பேரும் உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் நியமிக்கப்பட்டனர். கோயிலைக் கட்டிய சிற்பிக்கு இராசராசப் பெருந்தச்சன் எனவும், நாவிதருக்கு இராசராசப் பெருநாவிசன் எனவும் தன் பெயரையே அளித்தான். நெல் அளக்கும் மரக்காலுக்கோ கூத்தப்பெருமானின் பெயரான ஆடவல்லான் என்னும் பெயர் வழங்கியது. இறைவன் பெயரால் அளக்கும்போது அளவு குறையலாகாதல்லவா? வண்ணக்கர் பொறுப்பிற் கோயிற் கணக்கு நடைபெறும் மட்டக்களப்பு நாட்டு அடியவர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

மறைந்திருந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையோடு வெளிக்கொணர்ந்தவன் இவனே என்பது சைவ மரபு. அதனால் திருமுறை கண்ட சோழன் என்னும் பெயரையும் அடியார் உலகம் அவனுக்கு அளித்தது. இது அவன் தானே சூடிய பெயரன்று.

1014இல் இராசராசன் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரன் கங்கைகொண்டான், கடாரங்கொண்டான் எனப் புகழ்பெற்றான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை ஈழத்திலிருந்து அகற்றினான். சனநாதமங்கலமும் மும்முடிச்சோழ மண்டலமும் வழக்கொழிந்தன. ஆனால் பொலநறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிறிய கற்றளி இன்றும் நிற்கின்றது. தஞ்சையில் ஆண்டுதோறும் ஐப்பசிச் சதயத்தில் அவனுக்கு விழா எடுக்கப்படுகின்றது. வாளாற் பெற்ற பெயர்கள் மறைய, திருவடியாற் பெற்ற பெயர் அடியார் நாவில் நிலைத்துள்ளது.

அத்திருவடியே யாவர்க்கும் துணையாவதாக!