அணித்தலைமை மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு

இந்தியக் கிரிக்கெட்டின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசுவோர் அநேகமாக இளவரசர் ரஞ்சித்சிங்ஜியிலிருந்தே தொடங்குவர். ஆனால் அவர் டெஸ்ட் ஆடியது இங்கிலாந்து அணிக்காகவே. அதே காலத்தில் இந்திய மண்ணில் பந்துவீசி, ஐரோப்பியரையும் சாதி இந்துக்களையும் ஒருசேர வியக்க வைத்தவர் பல்வங்கர் பாலு. அவரையே நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1870களின் நடுப்பகுதியில் தார்வாரில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பாலு பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. அங்கு பார்சிகளின் கிரிக்கெட் கழகமொன்றில் ஆடுகளத்தைக் கூட்டித் துப்புரவு செய்ய மாதம் 3 ரூபா சம்பளத்தில் பாலு சேர்ந்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனா கழகத்தில் அது 4 ரூபாவாயிற்று. வலை கட்டுதல், ஆடுகளத்தை உருட்டுதல் ஆகியவற்றோடு துடுப்பாட்டப் பயிற்சி பெறும் துரைமாருக்குப் பந்துவீசுவதும் அவரது வேலையாயிற்று. அக்காலத்தின் சிறந்த துடுப்பாட்ட வீரரான கிரெய்க், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாக ஒரு கதையுண்டு. துடுப்பைப் பிடிக்க மட்டும் அவருக்கு ஒருபோதும் இடமளிக்கப்படவில்லை. இடக்கை சுழற்பந்துவீச்சில் அவர் பெற்ற தேர்ச்சி இந்தக் கூலிவேலையின் விளைவே.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் தமது அணியில் பாலுவைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டனர். இடைவேளையிலோ ஏனையோர் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் வழங்கப்பட்டது. அருந்தியதும் அக்குவளை வீசியெறியப்படும். வெற்றிக்குத் தேவைப்பட்ட கை விருந்துக்குத் தேவைப்படவில்லை.

1896 இல் பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பாலு, அங்கு இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906 இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது அவரது பந்துவீச்சும் தம்பி சிவராமின் ஆட்டமும் அதில் பெரும் பங்காற்றின. 1911 இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்று 23 போட்டிகளில் 15 இல் தோற்றுத் திரும்பியது. அத்தோல்விகளுக்கு மத்தியிலும் பாலு 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். லெஸ்டர்ஷயரை வென்ற போட்டியில் மட்டும் அவருக்கு 11 விக்கெட்டுகள். அவரைப் போற்றியோருள் அப்போது இளைஞராயிருந்த அம்பேத்கரும் ஒருவர்.

பார்சிகள், ஐரோப்பியர், இந்துக்கள் ஆடிவந்த பம்பாய்ச் சுற்றுப்போட்டியில் 1912 இல் முஸ்லிம்களும் இணைந்தனர். இந்துக்களின் முதன்மைப் பந்துவீச்சாளர் யார் என்பதில் அன்று இரு கருத்து இருக்கவில்லை. ஆனால் அணித்தலைமை வேறொருவருக்கே சென்றது. 1913 இல் தலைவரான எம்.டி. பாய், இப்பதவி பாலுவுக்குரியதென வெளிப்படையாகவே கூறினார். 1920 இல் பாலுவை அணியிலிருந்து நீக்கியதுடன், தம்பி விட்டலுக்கும் தலைமையை மறுத்தனர். விட்டலும் சிவராமும் விளையாட மறுத்து விலகினர். பத்திரிகைகளில் இது பெரும் விவாதமாகவே, சகோதரர்கள் மீள அழைக்கப்பட்டனர். பார்சிகளுக்கு எதிரான போட்டியில் பாலு உப தலைவரானார். தலைவர் பாய் சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேற, பாலு அணியை வழிநடத்தினார். அந்தச் சிறிது நேரமே அவருக்குக் கிட்டிய தலைமை. 1923 இல் விட்டல் முழுமையாகவே தலைவரானார்.

பின்னைய அரசியல் வாழ்வு சிலருக்குக் கசப்பானது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டுமென அம்பேத்கர் போராடியபோது, பாலு சென்னையின் எம்.சி. ராஜாவுடன் எதிர்நிலையில் நின்றார். 1932 இன் பூனா ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டனர். 1937 இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் 2,000 வாக்குகளால் பாலு தோற்றார். அவரை வெறும் கருவியென ஒதுக்குவோருடன் எமக்கு உடன்பாடில்லை. சாதி இந்துக்களின் அணிக்குள் நின்றே கதவைத் திறந்தவர், அவ்வழியை நம்பியதில் வியப்பில்லை.

1955 ஜூலையில் பம்பாயில் பாலு காலமானார். 2002 இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகாவின் நூல் வெளிவரும்வரை, கிரிக்கெட் இரசிகர்களுள் மிகச் சிலரே அப்பெயரை அறிந்திருந்தனர்.