வலிமையின் பயன்: ஜிகோரோ கானோவின் வாழ்வு

ஜூடோ என்றதும் எதிராளியைத் தூக்கி வீழ்த்தும் காட்சியே எம்மிற் பலரது நினைவுக்கு வருகின்றது. ஆயினும், அக்கலையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ, அதனை மனிதரைப் பண்படுத்தும் ஒரு நெறியாகவே கருதினார்.

1860 ஆம் ஆண்டு ஜப்பானின் மிக்காகே என்னும் ஊரிற் பிறந்த கானோ, மெலிந்த உடல்வாகு கொண்டவர். மாணவப் பருவத்தில் வலிய சகமாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானமையே, ஜூஜுட்சு என்ற பழைய தற்காப்புக் கலையின்பால் அவரை ஈர்த்தது. 1868 இல் சாமுராய்கள் கோலோச்சிய ஆட்சி முடிவுற்றதன் பின்னர் அக்கலை மதிப்பிழந்திருந்தது. எனினும், அவர் ஆசான்களைத் தேடிச் சென்று அதனைக் கற்றார்.

1882 இல், தமது 21 ஆவது வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி பௌத்த விகாரையில் 12 பாய்கள் விரித்த சிறிய இடத்தில் கொடோகன் பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தார். ஆபத்தான உத்திகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார். காயமின்றி விழுவதற்கு மாணவர்கள் முதலிற் கற்பிக்கப்பட்டனர். நுட்பத்தைக் குறிக்கும் 'ஜுட்சு' என்ற சொல்லுக்குப் பதிலாக, மார்க்கத்தைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லை அவர் தமது கலைக்குச் சூட்டினார். ஆற்றலை வீணாக்காது நற்பயனுக்குச் செலுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே மேம்படுதல் ஆகிய இரண்டுமே அவர் வகுத்த கோட்பாடுகளாகும். எதிரே நிற்பவர் இன்றிப் பயிற்சியே இல்லை. ஆகவே அவரது நலனைக் காப்பதும் கலையின் ஓர் அங்கமாயிற்று.

ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரியின் அதிபராக நீண்டகாலம் பணியாற்றிய கானோ, 1909 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதலாவது ஆசிய உறுப்பினரானார். 1940 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை டோக்கியோவுக்குப் பெற்றுக்கொடுப்பதற்கு அரும்பாடுபட்டார். ஆனால் 1937 இல் அவரது நாடு சீனாவுடன் முழு அளவிலான போரில் இறங்கியது. 1938 மே மாதம், கெய்ரோவில் நடைபெற்ற ஒலிம்பிக் குழுக் கூட்டத்தின் பின்னர் தாயகம் திரும்பும் வழியில் அவர் கப்பலிலேயே காலமானார். இரு மாதங்களில் ஜப்பான் அவ்விழாவைக் கைவிட்டது.

அக்காலத்தில் தற்காப்புக் கலைகள் பாடசாலைகளில் இராணுவ மனப்பான்மையை ஊட்டும் கருவிகளாக்கப்பட்டன. இதன் விளைவாக, 1945 இன் தோல்விக்குப் பின்னர் அவை பாடசாலைகளில் தடைசெய்யப்பட்டன. 1950 இலேயே ஜூடோ மீண்டும் அங்கு அனுமதிக்கப்பட்டது. உன்னத நோக்குடன் பிறந்த கலையும் அதிகார வெறியிடம் சிக்கினால் திரிபடையும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்து வீரர் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தோற்கடித்தார். ஆர்ப்பரித்தவாறு களத்தினுள் ஓடிவந்த தமது நாட்டவரை அவர் உடனே கையுயர்த்தித் தடுத்து நிறுத்தினார். தோற்றவரின் கண்ணியத்தைக் காத்த அச்செயலில், தங்கப் பதக்கத்தை இழந்த ஜப்பானியரும் கானோவின் நெறியைக் கண்டனர். வலிமை பெற்றோர் எவராயினும், அவர்கள் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே என்பது எமது கருத்தாகும்.