வைத்தியர் கிறேஸ்

எக்காலத்து வீரர் சிறந்தவர் என்னும் வழக்கு கிறிக்கெற் அன்பர் கூடுமிடந்தோறும் எழுவதொன்று. டொன் பிறட்மனின் ரெஸ்ற் சராசரி 99.94; வைத்தியர் டபிள்யூ. ஜி. கிறேஸின் சராசரி 32.29. இலக்கங்களை மட்டும் நோக்குவோர் இவ்வழக்கை நொடியில் தீர்த்துவிடுவர். கிறேஸின் வரலாற்றை அறிந்தோர் அங்ஙனம் துணியார்.

வில்லியம் கில்பேட் கிறேஸ் 1848 யூலை 18இல், இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரை அடுத்த டவுனென்ட் என்னும் ஊரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். வீட்டுத் தோட்டமே அவரது பயிற்சிக் களம். தாயாரும் தாய்மாமனும் சகோதரரும் உடனின்று ஊக்கினர். பதினாறாம் வயதில் முதற்றரப் போட்டிகளிற் புகுந்தவர், 1908 வரை அவற்றை விட்டகன்றாரல்லர். இடையே மருத்துவமும் கற்று 1879இல் தேர்ச்சி பெற்றார்.

அந்நாளைய ஆடுதளம் இந்நாளையது போன்றதன்று. கரடுமுரடான தரையிற் பட்ட பந்து எத்திசை பாயும், எவ்வளவு எழும் என அறிதல் அரிது. 1870இல் லோட்ஸ் மைதானத்திற் பந்து தலையிற் பட்ட ஜோர்ஜ் சமர்ஸ் என்னும் வீரர் சில நாளில் உயிர்நீத்தார். மறு ஆண்டிலேயே கிறேஸ் 2,739 ஓட்டங்களை 78.25 என்னும் சராசரியிற் குவித்தார். அவ்வாண்டு முதற்றரப் போட்டிகளிற் பெறப்பட்ட 17 சதங்களுள் 10 அவருடையவை. 1876 ஓகஸ்ற் மாதத்தில் அடுத்தடுத்து 344, 177, ஆட்டமிழக்காது 318 எனப் பெற்றார். முன்னேறி ஆடுவோர், பின்வாங்கி ஆடுவோர் எனப் பிரிந்துகிடந்த துடுப்பாட்டக் கலையை ஒருங்கிணைத்தவரும் அவரே. 1895இல், நாற்பத்தாறு வயதில், மே மாதத்துள்ளேயே ஆயிரம் ஓட்டங்களையும் தம் நூறாவது சதத்தையும் எட்டினார். ஐம்பது வயதில், 1899இல், இறுதி ரெஸ்ற் ஆடினார்.

குறையற்றவர் அல்லர் அவர். 1882இல் ஓவல் மைதானத்தில், தளத்தைச் சீர்செய்ய எல்லைக்கோட்டைவிட்டு நகர்ந்த அவுஸ்திரேலிய இளைஞர் ஜோன்ஸை ஆட்டமிழக்கச் செய்தார். விதிக்கு அது பொருந்தியதேனும் பண்புக்குப் பொருந்தாது. சினந்தெழுந்த ஸ்பொவோத் பந்துவீச, இங்கிலாந்து ஏழு ஓட்டங்களாற் தோற்றது. வெற்றியில் வேட்கை மிக்கார்க்கு அதுவும் ஒரு பாடம். 1915 ஒக்ரோபர் 23இல் அவர் மறைந்தார்.

இருவேறு காலத்தாரை ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. ஒவ்வொருவரும் தம்மோடு ஆடினாரினும் எவ்வளவு உயர்ந்துநின்றார் என நோக்குதலே நேரிது. பிறட்மன் காலத்துப் பெருவீரர் ஹமன்டின் சராசரி 58.45, கிறேஸ் 78.25 பெற்ற 1871இல் அவருக்கு அடுத்து நின்றவர் அதன் பாதியளவே பெற்றார். இவ்வளவையால் நோக்கின் இருவரும் ஒரே வரிசையினரே. பிந்தியவர் நடந்த செவ்விய பாதை, முந்தியவர் கல்லும் முள்ளும் அகற்றி அமைத்ததென்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.